கணக்கில் வராத மேட்சுக்கு ஒரு ராத்திரி ரயில்!

எங்கள் ஊர்ப் பக்கம் ‘சீசன்’ என்றால் குற்றாலம்தான். ஜூன் பிறந்துவிட்டால் போதும், சாரல் விழுந்ததா, ஐந்தருவியில் தண்ணீர் எப்படி என்பதுதான் பேச்சு. வயல்காரர்களுக்கு வேறு கணக்கு. தாமிரபரணியில் தண்ணீர் திறந்தால் கார், அது முடிந்தால் பிசானம். இந்த மூன்றையும் தாண்டி நான்காவதாக ஒரு சீசன் இருப்பது அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அம்மாவுக்குத் தெரியாது. ஒருமுறை போனில், “ப்ரீ-சீசன் வேலை இருக்கும்மா, ஊருக்கு வர முடியாது” என்றேன். “சீசனே தண்ணி இல்லாமக் கெடக்கு. அதுக்கு முன்னாடி என்னத்தட்டி இருக்கு உனக்கு?” என்றாள்.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். விளையாட்டுப் பக்கமும் என் பொறுப்பில் வரும். 2025 ஜூலையில் டூரண்ட் கோப்பை கால்பந்து பற்றி ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். சீனியர் படித்துவிட்டுக் கேட்டார். “ஏம்மா, இது ப்ரீ-சீசன் போட்டிதானே? ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? எவன் கிளிக் பண்ணுவான்?”

கோபமாகக் கேட்கவில்லை, நியாயமான சந்தேகமாகத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால், இதே கேள்வியை ஏழு வருடத்துக்கு முன்னால் நான் என் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அதுவும் எர்ணாகுளம் ரயில் நிலையத்தில், நடுராத்திரியில், ஐந்து கோல் வாங்கிய மேட்சைப் பார்த்துவிட்டு வந்த கடுப்பில்.

கால்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஐரோப்பாவின் பெரிய லீக்குகள் ஆகஸ்ட்டில் தொடங்கி மே மாதம் முடியும். ஜூலையில் வீரர்கள் விடுமுறை முடிந்து, கொஞ்சம் தொப்பையோடு திரும்பி வருவார்கள். லீக் தொடங்குவதற்குள் அவர்களைத் தயார்படுத்த வேண்டும். வெறும் பயிற்சி மட்டும் போதாது, மேட்ச் ஆட வேண்டும். அதற்காக நாலு கிளப்களை அழைத்து ஒரு சின்னப் போட்டி நடத்துவார்கள். கோப்பை இருக்கும். ஆனால் ஜெயித்தாலும் லீக் அட்டவணையில் ஒரு புள்ளி ஏறாது. ஒரே ஆட்டத்தில் மொத்த அணியையும் மாற்றிக்கொள்ளலாம். முதல் பாதி ஆடியவரை இரண்டாம் பாதியில் பெஞ்சில் பார்ப்பீர்கள். டிக்கெட்டுக்கு மட்டும் முழுக்காசு!

2018 ஜூலையில் அப்படி ஒரு போட்டி கொச்சிக்கு வந்தது. ஸ்பெயினின் லா லிகா ஏற்பாடு. ஸ்பெயினிலிருந்து ஜிரோனா, ஆஸ்திரேலியாவிலிருந்து மெல்போர்ன் சிட்டி, நம் பக்கத்துக்குக் கேரளா பிளாஸ்டர்ஸ். வெளிநாட்டு கிளப்கள் இந்தியாவுக்கு வந்து ப்ரீ-சீசன் தொடர் ஆடியது அதுதான் முதல்முறை. அண்ணன் அப்போது அம்பையில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலையில் இருந்தான். பேப்பரில் செய்தி பார்த்த அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான். “ரியல் மாட்ரிட்டைத் தோக்கடிச்ச டீமுட்டி. நமக்கு ஒரு ராத்திரித் தூரத்துல வருது. போகாம இருக்கவா?”

அவன் சொன்னது உண்மைதான். முந்தின சீசனில், 2017 அக்டோபரில், ஜிரோனா தன் சொந்த ஊரில் ரியல் மாட்ரிட்டை 2-1 என்று வென்றிருந்தது. ‘ஒரு ராத்திரித் தூரம்’ என்பதும் அப்போதுதான் புதிதாக உண்மையாகியிருந்தது. புனலூரிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பாலருவி எக்ஸ்பிரஸை அந்த ஜூலையில்தான் திருநெல்வேலி வரை நீட்டித்திருந்தார்கள். ராத்திரி நெல்லையில் கிளம்பினால் சேரன்மகாதேவி, அம்பை, தென்காசி, செங்கோட்டை, மலையைக் கடந்து புனலூர், கொல்லம், கோட்டயம் என்று காலையில் எர்ணாகுளத்தில் இறக்கிவிடும்.

அம்மாதான் மசியவில்லை. “பொட்டப்புள்ளயக் கூட்டிக்கிட்டு ராத்திரி ரயில்ல பந்து பாக்கப் போறியாக்கும்? அங்கன எவன் ஜெயிச்சா நமக்கு என்ன வருது?” நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அம்மாவிடம் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினான் என்று இன்றுவரை தெரியாது. குருவாயூர் பேர் ஏதாவது அடிபட்டிருக்கலாம்.

ஜூலை 27, வெள்ளிக்கிழமை ராத்திரி அம்பையில் ரயில் ஏறினோம். அன்றைக்குத்தான் கொச்சியில் ஜிரோனா மெல்போர்ன் சிட்டியை 6-0 என்று அடித்திருந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால், அதே மெல்போர்ன் சிட்டி கேரளாவை 6-0 என்று அடித்திருந்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மறுநாள் ஜிரோனாவிடம் கேரளா எத்தனை வாங்கும் என்று ரயிலிலேயே நான் ஒரு டஜன் வரை போனேன். அண்ணன் சிரிக்கவில்லை. “ஸ்கோரப் பாக்காதட்டி” என்றான். செங்கோட்டை தாண்டியதும் ஜன்னலில் சாரல் அடித்தது. ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டேன்.

கலூர் ஸ்டேடியம் மஞ்சளாக இருந்தது. டீவியில் பார்த்த மைதானத்தை நேரில் பார்க்கும்போது முதலில் தோன்றுவது புல்லின் பச்சைதான். எங்கள் ஊர் கிரவுண்டில் புல் என்பது ஓரத்தில், ஆடு மேய மட்டும் இருக்கும். ஆட்டம் தொடங்கிய பிறகு எனக்கு ஆச்சர்யம் தந்தது சத்தம். டீவியில் கேட்காத சத்தம். பந்தை உதைக்கும்போது வரும் அந்த ‘டொப்’. பிறகு ஜிரோனாக்காரர்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டே இருந்தது. இடைவேளைக்குப் பிறகு கோல்கள் வரிசையாக விழுந்தன. முடிவில் 5-0. நாங்கள் இருந்த பக்கத்தில் பலர் கடைசி விசிலுக்குக் காத்திருக்கவில்லை.

அண்ணன் கோல் விழும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பந்து ஒரு மூலையில் இருக்கும்போது இன்னொரு மூலையில் இருக்கும் டிஃபெண்டர் எங்கே நகர்கிறான் என்பதைத்தான் பார்த்தானாம். டீவியில் அது தெரியாது, கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும். ‘இதுக்காகவா இவ்வளவு தூரம்’ என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

திரும்ப பாலருவி கிடையாது, அது சாயங்காலமே போய்விட்டது. திருவனந்தபுரம் போய், நாகர்கோவில் போய், அங்கிருந்து நெல்லைக்கு பஸ் பிடிக்க வேண்டும். எர்ணாகுளம் ஜங்ஷனில் பிளாட்பாரத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்தோம். அண்ணன் செல்போனில் இன்னொரு மேட்சின் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தான்! அமெரிக்காவில், மிச்சிகன் மைதானத்தில், மான்செஸ்டர் யுனைடெட்டும் லிவர்பூலும் ஆடிய ஆட்டம். நமக்கு அதிகாலை இரண்டரை மணி. அதுவும் இதே ஜாதி ஆட்டம்தான், ‘இன்டர்நேஷனல் சாம்பியன்ஸ் கப்’ என்ற அழைப்புத் தொடர். அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். லிவர்பூல் 4-1 என்று ஜெயித்தது. அன்று மாலை அதே தொடரில் சிங்கப்பூரில் ஆர்சனல் பி.எஸ்.ஜி-யை 5-1 என்று அடித்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன ஓர் அண்ணன் அந்த ஸ்டேடியத்திலிருந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார்.

அன்று மிச்சிகனில் தோற்ற பிறகு யுனைடெட்டின் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ ஒரு காரியம் செய்தார். ‘ரசிகனாக இருந்தால் இந்த அணிகளைப் பார்க்க நான் காசு செலவு செய்திருக்க மாட்டேன்’ என்ற ரீதியில் வெளிப்படையாகவே பேசிவிட்டார். அவருடைய முக்கிய வீரர்கள் உலகக்கோப்பை முடிந்து விடுமுறையில் இருந்தார்கள், அந்தக் கோபம். மறுநாள் பஸ்ஸில் அதைப் படித்ததும் அண்ணனிடம் காட்டினேன். “பாத்தியா? கோச்சே சொல்லுதாரு. நாம காசு குடுத்துப் போய் அஞ்சு கோல் வாங்கிட்டு வாறோம்.”

இப்போது டெஸ்க்கில் உட்கார்ந்து அந்த ஜூலை 28-ன் ஸ்கோர்களைப் பிறகு நடந்தவற்றோடு ஒப்பிட்டால் சிரிப்பு வருகிறது. கொச்சியில் இரண்டு மேட்சில் 11 கோல் போட்டு, ஒரு கோல்கூட வாங்காத ஜிரோனா, அந்த சீசன் முடிவில் 20 அணிகளில் 18-வது இடம் பிடித்து லா லிகாவிலிருந்தே கீழே இறங்கியது. பி.எஸ்.ஜி-யை ஐந்து கோல் போட்ட ஆர்சனல் இங்கிலாந்து லீக்கில் ஐந்தாம் இடம். ஐந்து கோல் வாங்கிய பி.எஸ்.ஜி ஃபிரான்ஸில் சாம்பியன். கேரளா? இரண்டு மேட்சில் 11 கோல் வாங்கிய பிறகு ஐ.எஸ்.எல் முதல் மேட்சில் கொல்கத்தாவுக்கே போய் ஏ.டி.கே-வை 2-0 என்று ஜெயித்தார்கள். ‘ஆஹா’ என்று நிமிர்ந்தால், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வெற்றியே இல்லை, பத்து அணிகளில் ஒன்பதாவது. டிசம்பரில் பயிற்சியாளர் டேவிட் ஜேம்ஸ் போனார். அதே டிசம்பரில் மொரின்யோவும் போனார். அன்று யுனைடெட்டை அடித்த லிவர்பூல் 2019 ஜூனில் ஐரோப்பிய சாம்பியன். பத்து ஜோசியத்தில் ஒன்று பலிப்பதுபோல அந்த ஒன்று மட்டும் பொருந்தியது.

ஆக, ஸ்கோரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதில் என் சீனியர் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கொச்சியில் ஜிரோனாவுக்கு ஆடியவர்களில் பெட்ரோ போரோ என்று ஒரு பையன் இருந்தான். வயது 18. லா லிகாவில் அதுவரை ஒரு மேட்ச்கூட ஆடாதவன். கொச்சியிலிருந்து போய் மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 17 அன்று, லீக்கின் முதல் ஆட்டத்திலேயே தொடக்க அணியில் இறங்கினான். அடுத்த வருடம் மான்செஸ்டர் சிட்டி அவனை வாங்கியது. இன்றைக்கு டாட்டன்ஹாமின் ரைட் பேக், 2025-ல் யூரோப்பா லீக் ஜெயித்த அணியில் இருந்தவர் (இனி ‘அவர்’ என்று சொல்லிவிடலாம்). கொச்சியில் ஆடியதால்தான் இடம் கிடைத்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோச் புதுப்பையன்களைத் துணிந்து இறக்கிப் பார்க்கக்கூடிய மாதம் ஜூலை மட்டும்தான். ஆகஸ்ட் வந்துவிட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் பயம் வந்துவிடும். இடம் உறுதியாகிவிட்ட ஸ்டார்களுக்கு இது உடம்பு வளைக்கும் வேலை, பெஞ்சில் இருப்பவனுக்கு இதுதான் பரீட்சை.

பையன்களை மட்டுமில்லை, விதிகளையும் இங்கேதான் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். உலகக்கோப்பை ஃபைனலையே தீர்மானிக்கும் பெனால்டி ஷூட்-அவுட் இங்கிலாந்தில் முதன்முதலில் அரங்கேறியது ஒரு ப்ரீ-சீசன் கோப்பையில்தான். வாட்னி கோப்பை, ஒரு பீர் கம்பெனி நடத்தியது. 1970 ஆகஸ்ட் 5, ஹல் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் சமன். முதல் பெனால்டியை அடித்தவர் ஜார்ஜ் பெஸ்ட். முதலில் தவறவிட்டவர், பாவம், டெனிஸ் லா. பெரிய ஜாம்பவான், வரலாற்றில் இப்படியும் ஓர் இடம். அன்றைக்கும் யாராவது டெஸ்க்கில், ‘பீர் கம்பெனி கப்பெல்லாம் ஒரு செய்தியா’ என்று கேட்டிருப்பார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். டூரண்ட் கோப்பையை ‘ப்ரீ-சீசன்’ என்று சொன்னால் கொல்கத்தாக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 1888-ல் சிம்லாவில் தொடங்கியது, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி. ஒருகாலத்தில் அதுவே பெரிய கோப்பை. ஐ.எஸ்.எல் வந்த பிறகு காலண்டரில் அதற்குக் கிடைத்த இடம் லீக்குக்கு முந்தைய ஜூலை, ஆகஸ்ட். பெரிய கிளப்கள் சில, ரிசர்வ் பையன்களை அனுப்பிவிட்டுத் தாங்கள் வெளிநாட்டில் பயிற்சிக்குப் போனதும் உண்டு.

அதே டூரண்டில் 2023 ஆகஸ்ட் 12 அன்று ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. அந்த டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் நாலரை வருடமாக ஜெயித்ததே இல்லை, தொடர்ந்து எட்டுத் தோல்வி. அன்று அறுபதாவது நிமிடத்தில் ஒரு கோல், 1-0. போட்டது நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். அந்தக் கிளப்புக்கு அப்போதுதான் புதிதாகப் போயிருந்தார். கொல்கத்தா ரசிகர்கள் சால்ட் லேக்கில் அழுததை நான் வீடியோவில் பார்த்தேன். ‘இது ப்ரீ-சீசன்தானே, ஏன் அழுகிறீர்கள்’ என்று அங்கே போய்க் கேட்டுப்பாருங்கள். பிறகு ஃபைனலில் அதே மோகன் பகானிடம் 0-1 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

2025-ல்தான் வேடிக்கை உச்சத்துக்குப் போனது. ஜூலை 11 அன்று ஐ.எஸ்.எல் அடுத்த சீசனை நிறுத்திவைத்திருப்பதாக அறிவித்தார்கள். சம்மேளனத்துக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்குமான ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிப்பதில் இழுபறி. ஜூலை 23 அன்று டூரண்ட் கோப்பை தொடங்கிவிட்டது. அதாவது, சீசன் உண்டா என்றே தெரியாது, ஆனால் ப்ரீ-சீசன் நடக்கிறது! கல்யாணம் நின்றுபோய், பந்தி மட்டும் நடந்ததுபோல. ஐ.எஸ்.எல் கிளப்களில் பாதிக்கும் மேல் வரவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் நம் சென்னையின் எஃப்.சி-யும் அணியின் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. அந்த வெற்றிடத்தில் டயமண்ட் ஹார்பர் என்ற புதிய அணி முதல்முறையாகப் பங்கேற்று ஃபைனல் வரை வந்தது. ஃபைனலில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அவர்களை 6-1 என்று நொறுக்கியது. ஆனாலும், அந்த ஒரு மாதத்தில் நாட்டில் சம்பளம் நிச்சயமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த வீரர்களோடு ஒப்பிட்டால், டூரண்டில் ஆடியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கணக்கில் வராத மேட்ச் மட்டும்தான் அப்போது அவர்களிடம் இருந்தது.

இதையெல்லாம் சீனியரிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் செய்தி போயிருக்கும். ஆனால் என் மனதில் ஓடியது அண்ணனின் இடது மூட்டு.

எங்கள் பக்கம் கோடை விடுமுறை வந்தால் கால்பந்து அழைப்புப் போட்டிகள் வரிசைகட்டும். இறந்துபோன யாரோ ஒருவர் நினைவாகக் கோப்பை, சுழற்கேடயம், எட்டு அணிகள், பதினாறு அணிகள். ராதாபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஆட்டம் என்றால் ஊரே கிரவுண்டில் இருக்கும். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து அணிகள் வரும். மணலில் ஆடி வளர்ந்த கால்கள், அவர்களைத் துரத்தவே முடியாது. 2015 மே மாதம் அண்ணன் ப்ளஸ் டூ முடித்திருந்தான். அப்படி ஒரு போட்டியில் அவன் ஆடியதை ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறை ஆசிரியர் பார்த்தார். ஜூனில் செலக்‌ஷனுக்கு வரச் சொன்னார். ஹாஸ்டல், சாப்பாடு, ஃபீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வீட்டில் அன்று அம்மா பாயசம் வைத்தாள்.

அடுத்த வாரம் இன்னொரு அழைப்புப் போட்டி. அம்மா போக வேண்டாம் என்றாள். அண்ணன் போனான். இரண்டு நாளில் நாலு மேட்ச். தரை சிமென்ட்போல இறுகிக் கிடந்தது. ஃபைனலில் அவன் ஒரு பந்துக்குத் திரும்பியபோது, இடித்தவர் யாரும் இல்லை, கால் மட்டும் அப்படியே நின்றது, உடம்பு திரும்பியது. மூட்டு ஜவ்வு கிழிந்துவிட்டது. அங்கே ஸ்ட்ரெச்சர் இல்லை. ஐஸ் வாங்க ஒருவர் பைக்கில் கூல்டிரிங்க்ஸ் கடைக்குப் போனார். அண்ணனை ஒரு லோடு ஆட்டோவில், கோல் போஸ்ட் வலையை மடித்துப் போட்டு அதன் மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.

பெரிய இடத்திலும் இது நடப்பதுதான். செல்ஸியின் ரூபன் லோஃப்டஸ்-சீக் 2019 மே மாதம் அமெரிக்காவில் ஒரு காட்சி ஆட்டத்தில் குதிகால் நரம்பு அறுந்து, இரண்டு வாரத்தில் இருந்த யூரோப்பா லீக் ஃபைனலைத் தவறவிட்டார். ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு கிளப் இருந்தது. எங்களுக்கு அப்பாவின் சீட்டுப் பணம்தான் இருந்தது. ஆபரேஷனுக்கு அது போதவில்லை. ஜூன் செலக்‌ஷன் நாளன்று அண்ணன் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தான். அன்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அவனிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. பதினாலு சான்றிதழ்கள். அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர அவற்றில் ஒன்றுக்குக்கூட மார்க் கிடையாது. அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் போட்டி, அரசின் பள்ளி விளையாட்டுப் போட்டி போன்றவைதான் செல்லும். அழைப்புப் போட்டி, நினைவுப் போட்டி, ஓப்பன் போட்டி என்றால் தள்ளிவிடுவார்கள். விதியை நான் குறை சொல்ல மாட்டேன். நூறு ரூபாய்க்குச் சான்றிதழ் அச்சடிக்கும் ஊரில் வேறு எப்படி வடிகட்டுவது? ஆனால் அந்த ஆசிரியர் அண்ணனைக் கண்டுபிடித்தது செல்லாத ஒரு போட்டியில்தான். அவன் கால் போனதும் செல்லாத ஒரு போட்டியில்தான்.

எர்ணாகுளம் பிளாட்பாரத்தில் அன்று ராத்திரி நான் கேட்ட கேள்வி இதுதான். “இதெல்லாம் கணக்குலயே வராத மேட்சுண்ணே. அன்னைக்கு நீ ஆடாம இருந்திருக்கலாம்லா?”

அண்ணன் செல்போனை அணைத்துப் பாக்கெட்டில் வைத்தான். “ஆடாம இருந்திருந்தா அந்த சார் கண்ணுலயே பட்டிருக்க மாட்டேன்ட்டி. அதுவும் இந்த மாதிரி மேட்சுதான?” கொஞ்ச நேரம் கழித்து, “ஐஸ் வச்சிருந்திருக்கலாம்” என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரயில் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

அந்த ‘ஐஸ்’ எனக்கு இன்னும் உறுத்துகிறது. முக்கியமில்லாத மேட்ச் என்று நாமே முடிவு செய்துவிடுவதால்தான் அங்கே ஸ்ட்ரெச்சர் இல்லை, டாக்டர் இல்லை, இரண்டு நாளில் நாலு ஆட்டம் வைக்கிறோம். கோப்பைக்கும் ஃபிளெக்ஸுக்கும் செலவு செய்கிறவர்கள் ஒரு பிசியோவை வரவழைக்க யோசிக்கிறார்கள். இதை எழுதிப் போட்டியை நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணமில்லை. நிறுத்தினால் எங்கள் ஊர்ப் பையன்களை யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

2025 ஆகஸ்ட்டில் இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போனேன். அண்ணன் இப்போது சொந்தமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி கிரவுண்டில் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். அந்த ஞாயிறு பாளையங்கோட்டையில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கு ஓர் அழைப்புப் போட்டி. வேன் கிளம்பும் முன்னால் ஒரு பையனின் அப்பா வந்தார்.

“சார், இந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு மார்க்கு உண்டுமா?”

“இல்லண்ணே. இதுக்கு ஒண்ணும் கெடையாது.”

“அப்போ எதுக்கு? டியூஷன் இருக்கு அவனுக்கு.”

அண்ணன் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தப் பையன் இறங்கிப் போய்விட்டான். அதனால் பெஞ்சில் இருந்த இன்னொரு பையனுக்குத் தொடக்க அணியில் இடம் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பு, ஒல்லி. அதுவரை ஒரு மேட்சில்கூட ஆரம்பத்திலிருந்து ஆடியதில்லையாம். பூட் அவனுடையது இல்லை, முன்பக்கம் துணி திணித்து இறுக்கிக் கட்டியிருந்தான். அண்ணன் வேனின் பின்னாலிருந்து முதலில் இறக்கியது பந்துப் பையை அல்ல. ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ்.

4-0 என்று தோற்றோம். பாளையங்கோட்டைப் பையன்கள் வேகம், எங்கள் பையன்கள் பந்து போன பிறகு ஓடினார்கள். இரண்டாம் பாதியில் ஒருமுறை மட்டும் அந்த ஒல்லிப் பையன் வலது ஓரத்தில் பந்தை வாங்கி, ஒருவனைத் தாண்டி, இன்னொருவனின் காலுக்கிடையில் தட்டிவிட்டு உள்ளே வந்து அடித்தான். பந்து போஸ்ட்டுக்கு மேலே போனது. அண்ணன் கோட்டுக்கு வெளியே துள்ளியபடி அவன் பேரைக் கத்தினான். மூட்டு வலியையே மறந்துவிட்டான்போல.

வேனில் ஏறும்போது அந்தப் பையன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

“யக்கா, நீங்க போன்ல எடுத்துட்டிருந்தீங்கள்லா? நான் ரெண்டு பேரத் தாண்டுனது இருக்கா?”

இருந்தது. பதினோரு செகண்ட். கடைசியில் பந்து மேலே போகும்போது என் கை ஆடியிருந்தது. அவன் அப்பா நம்பருக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். வண்ணார்பேட்டை பாலம் தாண்டுவதற்குள், “போயிருச்சா யக்கா, ரெண்டு டிக்கு வந்திருச்சா?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டான்.